மணலுக்குள் மாவட்ட எல்லை

ஜேர்மனியில் ஒரு பாலைவனம் இருக்கிறது. நான் சொன்னால் டோர்ட்மண்டில் ஒருவரும் நம்புவதில்லை; பகிடி விடுகிறேன் என்று சிரிப்பார்கள். பெர்லினுக்குத் தெற்கே, லீபரோஸ என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், பைன் காட்டின் நடுவில் இருக்கிறது. ரஷ்ய டாங்கிகள் வருடக்கணக்காக ஓடிப் பழகி, மரம் செடி ஒன்றும் மிஞ்சாமல் வெறும் மணலாகிப் போன இடம். ஒட்டகம் இல்லை. மற்றபடி வெயிலும் மணலும் மனிதரைப் படுத்துகிற பாடு அசல் பாலைவனத்தில் படுத்துகிற பாடுதான். அதில் நான் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். ஓட்டினேன் என்பது பெரிய வார்த்தை. உருட்டினேன்.

என் பெயர் சுந்தரேஸ்வரி. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை. லீவு கிடைத்தால் மற்றவர்கள் கனடாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போவார்கள். நான் முதுகுப்பையைக் கொழுவிக்கொண்டு சிநேகிதிகளைப் பார்க்கப் போவேன். அகதியாக வந்தவர்களை இந்த நாடு கைக்கு வந்தபடி ஊர் ஊராகப் பிரித்து அனுப்பியதில் எனக்குத் தெரிந்தவர்கள் மூலைக்கு ஒருவராகக் கிடக்கிறார்கள். வார இறுதி டிக்கெட் ஒன்று எடுத்து, நின்று நின்று போகிற ரெயில்களில் மாறி மாறி ஏறினால் எந்த மூலைக்கும் போய்விடலாம். நாற்பது தாண்டிய பொம்பிளை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பையோடு திரிகிறாள் என்று சனம் கதைக்கும். கதைக்கட்டும். அவர்களுடைய காலா வலிக்கிறது?

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் இங்கே நடந்த அந்தக் கோடையில் பாலாம்பிகை தொலைபேசி எடுத்தாள். என்னோடு பருத்தித்துறையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். நான் வந்து பல வருடங்களுக்குப் பிறகு வந்து, விசா கிடைக்காமல் லீபரோஸவுக்குப் பக்கத்தில் ஹைம் என்கிற ஒரு அகதிகள் விடுதியில் கிடந்தாள். பிள்ளைப்பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற மிளகு, மல்லி என்ற சரக்குச் சாமான் முழுவதும், பால்சுறாக் கருவாடும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். யாருக்கு என்று கேட்டேன். கமலநாயகிக்கு என்றாள்.

கமலநாயகியை நான் கண்டதில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன். இருவரும் களவாக எல்லை கடத்துகிற ஒரே ஏஜென்சிக்காரன் மூலம் வந்தவர்கள். போலந்துப் பக்கம் ஆற்றைக் கடக்கும்போது பாலாம்பிகைக்குக் கடும் காய்ச்சல். விட்டுவிட்டு வா என்று கூட வந்தவர்கள் சொல்லியும் கேளாமல் அந்தச் சின்னப் பெட்டை இவளைத் தோளில் தாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்திருக்கிறாள். அன்றைக்கு இவள் கொடுத்த வாக்கு: உன்னுடைய பிள்ளைப்பேறுக்கு நான்தான் வந்து சரக்கு அரைத்துக் காய்ச்சித் தருவேன். இப்போது பிள்ளை பிறந்துவிட்டது. கமலநாயகியும் புருஷனும் கொட்புஸ் நகரத்துக்கு அங்கால் இன்னொரு ஹைமில் இருந்தார்கள். புருஷனுக்குச் சோறு வடிக்கத் தெரியும், சரக்கு அரைக்கத் தெரியாது.

டோர்ட்மண்டில் எல்லாச் சாமானும் வாங்கலாம். கொண்டு போவதுதான் வில்லங்கம். பால்சுறாவை மூன்று பைக்குள் சுற்றி, துவாயால் சுற்றி, முதுகுப்பையின் அடியில் வைத்தேன். அப்படியும் ஹனோவர் தாண்டமுன் என் பெட்டியில் இருந்த சனம் ஒவ்வொருவராக எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது. கன்னத்தில் கொடி வரைந்த இளைஞர் கூட்டம் ஒன்று ஆரவாரமாக ஏறியது, மூக்கைச் சுழித்தது, திரும்பி இறங்கியது. எனக்கு நல்ல வசதி, காலை நீட்டிக்கொண்டு போனேன்.

பாலாம்பிகையின் அறைக்குப் போய் இருந்த பிறகுதான் முழுச் சங்கதியும் வெளியில் வந்தது. அவளுக்குத் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போக ஏலாது. விசா முடிவாகாதவர்களுக்கு அதுதான் சட்டம். அலுவலகத்தில் அனுமதி வாங்கினால்தான் அடுத்த மாவட்டத்தில் கால் வைக்கலாம். இவள் அனுமதி கேட்டிருக்கிறாள். பிள்ளை பெற்றவள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். சிநேகிதி என்றிருக்கிறாள். சிநேகிதி என்பது காரணம் இல்லையாம்.

இதற்கு முன் ஒரு தடவை அனுமதி இல்லாமல் கொட்புஸ் ரெயில் நிலையத்தில் பிடிபட்டுத் தண்டம் கட்டியவள். இரண்டாம் தடவை பிடிபட்டால் தண்டத்தோடு போகாது, குற்றவழக்கு. வழக்கு விழுந்தால் விசாக் கேஸ் அதோடு சரி என்று அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார். அந்த மாதம் பந்து விளையாட்டுக்காக ரெயில் நிலையமெல்லாம் பொலிஸ் நின்றது. எங்களுடைய நிறத்தைக் கண்டால் முதலில் எங்களிடம்தான் கடதாசி கேட்பார்கள்.

சாமானை என்னிடம் தா, என்னிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது, நான் போய் ஆக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஆஸ்பத்திரிக்கு உருளைக்கிழங்கு அவிக்கிறனி. சரக்கு உனக்குச் சரிவராது. அதோட சுந்தரி, வாக்குக் குடுத்தது நான். நீ இல்லை."

அவளுடைய திட்டம் பாலைவனம். றோட்டில் பொலிஸ், ரெயிலில் பொலிஸ், மணலில் யார் நிற்கப் போகிறார்கள்? காட்டுக்குள் நேராகத் தெற்கே போனால் மற்றப் பக்கம் ஒரு கிராமம், அங்கிருந்து சந்து பொந்துகளால் கமலநாயகியின் ஹைமுக்குப் போய்விடலாமாம். ஹைமில் யாரோ தர்மத்துக்குக் கொடுத்த சைக்கிள் இரண்டு ஆயத்தமாக நின்றது. உனக்கு விசர் என்று பேசினேன். வழக்கு விழுந்தால் நான் பார்க்க வரமாட்டேன் என்றேன். அவள் எனக்கு இன்னொரு தோசை போட்டாள். விடிய அவளுக்குப் பின்னால் நானும் சைக்கிளில் ஏறினேன். தனியாக விட மனம் வரவில்லை, வேறென்ன.

காட்டுப் பாதை நல்லாகத்தான் இருந்தது. பிறகு மரங்கள் ஐதாகின, பாதை மணலாகியது, பிறகு மணல் மட்டும் இருந்தது. வெள்ளை மணல், கண் கூசியது. நாங்கள் இருவரும் வல்லிபுரக் கோயில் மணலில் சைக்கிள் விட்டவர்கள், இதென்ன பெரிய மணல் என்ற எண்ணம். அந்த வயதில் எனக்கு இந்த உடம்பும் இல்லை, முதுகில் கருவாட்டு மூட்டையும் இல்லை. சில்லு புதைந்து புதைந்து நின்றது. இறங்கி உருட்டினோம். அவளுடைய சைக்கிள் சங்கிலி கழன்றது, மாட்டினோம், திரும்பக் கழன்றது. கொண்டுவந்த தண்ணீர் முடிந்தது. வெயில் ஏற ஏறப் பால்சுறா தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. ஈக்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது. அந்தப் பாலைவனத்தில் வேறு உயிர் ஒன்றும் இல்லை, ஈ மட்டும் இருந்தது.

ஒரு மேட்டைக் கடந்து இறங்கும்போது இடப்பக்கத்தில் பலகை ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சுற்றிப் போய் வாசித்தேன். உள்ளே வராதே, வெடிக்காத குண்டுகள், உயிராபத்து என்று எழுதியிருந்தது. பலகை வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு. நாங்கள் ஏற்கனவே உள்ளே நின்றோம்.

வேறு யாராக இருந்தாலும் அலறியடித்து ஓடியிருப்பார்கள். பாலாம்பிகை ஓடவில்லை, அசையாமல் நின்றாள். என்னையும் நில் என்றாள். மிதிவெடி விதைத்த நிலத்தில் வருடக்கணக்காக நடந்து பழகியவள். அவளுக்கு ஒரே சட்டம்தான்: யாரோ போன தடத்தில் கால் வை, தடம் இல்லாத இடத்தில் வைக்காதே. வந்த தடத்தைப் பார்த்தோம். காற்று அதை மூடிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தில் வாகனம் ஒன்று போன டயர்த் தடம் ஆழமாக, புதிதாகத் தெரிந்தது. தெற்கே போகிற தடம். எங்களுக்கும் தெற்கேதான் போக வேண்டும்.

அந்தத் தடத்தில் ஒருவர் பின் ஒருவராக, சைக்கிளை உருட்டிக்கொண்டு, கால் ஒரு விரல்கூட வெளியில் படாமல் நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். அவள் நடந்த நடையைப் பார்க்க எனக்குப் பயத்தை விடத் துக்கம்தான் கூடவாக இருந்தது. சந்தைக்குப் போகிறவள் போல அவ்வளவு சாதாரணமாக நடந்தாள்.

டயர்த் தடத்தில் போனால் குண்டு வெடிக்காது என்பது சரி. ஆனால் டயர்த் தடத்தின் முடிவில் டயர் இருக்கும், டயருக்கு மேலே வாகனம் இருக்கும், வாகனத்துக்குள் ஆள் இருப்பான் என்பதை எங்கள் இருவரில் ஒருவரும் யோசிக்கவில்லை. யுத்தம் படிப்பித்த பாடத்தை ஒழுங்காகப் பின்பற்றி, யாருடைய கண்ணில் படக்கூடாது என்று இந்த வழியால் வந்தோமோ அவரிடமே நேராகப் போய்ச் சேர்ந்தோம். பச்சை வாகனம். பக்கத்தில் பச்சை உடுப்போடு வனக் காவலர். பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் முதலில் எங்களைப் பேசினார். நன்றாகப் பேசினார். பலகை கண்ணுக்குத் தெரியாதா, பிள்ளை குட்டி இல்லையா, உங்களைத் துண்டு துண்டாகப் பொறுக்குகிறது யார் என்று கேட்டார். நாங்கள் வந்த பக்கத்தில் பலகை இல்லை என்றேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது போல, சுருதி கொஞ்சம் இறங்கியது. தண்ணீர் தந்தார். பிறகு, தடைசெய்த இடத்துக்குள் வந்தவர்களின் பெயரை எழுத வேண்டும், கடதாசியைக் காட்டுங்கள் என்றார்.

நான் என்னுடையதைக் கொடுத்தேன். பாலாம்பிகை கொடுக்கவில்லை. கையைப் பைக்குள் விட்டபடி நின்றாள். நான் ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைத் தடுத்து, தன் விசாத்தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். அதில் அவள் எந்த மாவட்டத்தில் மட்டும் நிற்கலாம் என்று எழுதியிருக்கிறது. அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். நீங்கள் நிற்கிற இந்த இடம் அடுத்த மாவட்டம் என்று மெதுவாகச் சொன்னார். எல்லை எங்களுக்குப் பின்னால் எங்கேயோ மணலுக்குள் போய்விட்டது, நாங்கள் காணவில்லை.

பாலாம்பிகையின் முகத்தில் இரத்தமே இல்லை. அவ்வளவு தூரம் சாதாரணமாக நடந்து வந்தவள் அப்போதுதான் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் உடனே ஒன்றும் எழுதவில்லை. தான் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகச் சொல்லி, ஏன் இரண்டு பேரும் தன்னுடைய டயர்த் தடத்துக்குள்ளேயே அப்படி நடந்து வந்தீர்கள் என்று கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த ஜேர்மனில் பதில் சொன்னாள்.

"எங்களின் ஊரிலும் நிலத்துக்குள் குண்டு. அங்கே இப்படித்தான் நடப்போம்."

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சிநேகிதிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றாள். முதுகுப்பைக்குள் என்ன செத்துக் கிடக்கிறது என்று என்னைக் கேட்டார். தாய்க்குப் பால் சுரக்க மீன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அறிக்கைக்கு ஒரு பெயர் இருந்தால் போதும் என்று சொல்லி, என்னுடைய பெயரை மட்டும், ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, கொப்பியின் அந்த வரி முடியுமட்டும் எழுதினார். பாலாம்பிகையின் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஆனால் உங்களை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட ஏலாது, பொலிஸ் நிறுத்தினால் நான் என்ன சொல்வது, வந்த பக்கமே கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

பாலாம்பிகை தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

சைக்கிள்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பெரிய றோட்டால் வடக்கே ஓட்டினார். எதிரே பொலிஸ் கார் ஒன்று வந்தது. அவர் கையை உயர்த்தினார், அவர்களும் உயர்த்தினார்கள். கொஞ்சத் தூரத்தில் றோட்டோரப் பலகை ஒன்றைக் காட்டி, இதோடு உங்களுடைய மாவட்டம் தொடங்குகிறது, இனிமேல் பயமில்லை என்றார். அவள் அந்தப் பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஹைம் வாசலில் சாமான் பையை என்னிடமே விட்டாள். மிளகை வறுக்கவேண்டும், மல்லியைக் கடைசியில் போடவேண்டும், உள்ளியைத் தட்டிப் போடு, அரைக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் ஓம் ஓம் என்றேன். கடைசியில் ஒரு வசனம்தான் சொன்னாள்.

"நான் வரப் பாத்தனான் எண்டு சொல்லு."

நான் ரெயிலில் போனேன். கொட்புஸ் நிலையத்தில் பொலிஸ் என்னை நிறுத்தியது, கடவுச்சீட்டைப் பார்த்தது, நல்ல பயணமாக அமையட்டும் என்று வாழ்த்தி விட்டது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆற்றில் ஒருவரையும் தாங்காதவள், வாக்கு ஒன்றும் கொடுக்காதவள், கமலநாயகியின் முகம் கறுப்போ சிவப்போ என்று தெரியாதவள், அந்த நான் மகாராணி மாதிரிப் போகிறேன்.

கதவைத் திறந்த கமலநாயகியின் தோளில் பிள்ளை கிடந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள்.

"அக்கா வரேல்லையோ?"

நடந்ததைச் சொன்னேன். நின்றபடியே கேட்டாள், அழவில்லை. புருஷன் யோகலிங்கம் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். நான் அன்றைக்குச் சரக்குக் காய்ச்சினேன். அவள் முகத்தைச் சுழிக்காமல் குடித்தாள், நல்ல பிள்ளை. குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, அந்த றோட்டோரப் பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அது வரைக்கும் தங்களுடைய மாவட்டம்தானே, அது வரைக்கும் தாங்கள் போகலாம்தானே என்றாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. இவ்வளவு ஊர் சுற்றுகிற எனக்கு அது தோன்றவில்லை. அன்றிரவே பாலாம்பிகைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னோம்.

அடுத்த நாள் ஞாயிறு. எல்லைக்கு முன்னால் உள்ள கடைசிக் கிராமத்தில் பஸ்ஸால் இறங்கி, பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு காட்டோரமாக நடந்தோம். தூரத்தில் இருந்தே தெரிந்தது. பலகைக்கு அங்கால், சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, நீலச் சேலையோடு பாலாம்பிகை நின்றாள். அந்தக் காட்டுக்குள் சேலை. எப்போதோ வந்துவிட்டிருந்தாள்.

கமலநாயகி பலகையடியில் நின்றாள். இவள் அந்தப் பக்கம் நின்றாள். நடுவில் ஒரு அடி புல். பாலாம்பிகை முதலில் கேட்டது மிளகு வறுத்ததா என்றுதான். இல்லை அக்கா என்றாள் கமலநாயகி, என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி. எனக்குத் தெரியும் என்றாள் இவள். நான் இருவரோடும் கோபித்துக்கொண்டேன்.

பிறகு கமலநாயகி பிள்ளையை இரண்டு கையாலும் நீட்டினாள். பாலாம்பிகை வாங்கி மார்போடு அணைத்தாள். கன்னத்தை மணந்தாள், உள்ளங்காலை மணந்தாள். பிள்ளை மட்டும் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது. அதற்கும் அனுமதி கிடையாது.

"முதல் தரந்தானே," என்றாள் பாலாம்பிகை, பிள்ளையின் காதுக்குள். "தண்டத்தோட விட்டிடுவினம்."

கமலநாயகி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். யோகலிங்கம் வண்டிலின் பிடியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அந்த றோட்டில் ஒரு வாகனமும் வரவில்லை. பொலிஸ் இல்லை, வனக் காவலர் இல்லை. யாராவது ஒருத்தி ஒரு அடி எடுத்து வைத்தால் கேட்பார் இல்லை. இருவரும் வைக்கவில்லை. செருப்பு நுனி புல்லில் முட்டுகிற இடம் வரைக்கும் வந்து அங்கேயே நின்றார்கள்.

பிள்ளை பசித்து அழத் தொடங்கியது. பாலாம்பிகை கொஞ்சம் தாலாட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. பாலுக்கு அழுகிற பிள்ளையை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? நீட்டினாள். தாய் வாங்கிக்கொண்டு புல்லில் இருந்துகொண்டு பால் கொடுத்தாள். பாலாம்பிகை மற்றப் பக்கத்தில் அப்படியே நின்றாள், பிள்ளையை ஏந்தின கை இரண்டையும் மடக்காமல். முழங்கை வரைக்கும் அடுத்த மாவட்டத்துக்குள் இருந்தது. எனக்குத் தெரிந்தது. எடு என்று நான் சொல்லவில்லை.